கடன் இடரை அளப்பதும் ஆள்வதும்: ஒற்றைக் கடனிலிருந்து முழுப் பொருளாதாரம் வரை

பொருள் விற்பவருக்குப் பொருளைக் கொடுத்ததும் கணக்கு முடிந்துவிடுகிறது. கடன் கொடுப்பவருக்கு அன்றுதான் கணக்கே ஆரம்பம். லாபம் முதல் மாத வட்டியிலேயே கண்ணில் படும். நஷ்டம் இரண்டு மூன்று வருடம் கழித்து வரும், வந்தால் கூட்டமாக வரும். கடன் இடருக்கென்று இருக்கும் சூத்திரங்கள், விதிகள், கமிட்டிகள் எல்லாம் இந்தக் கால இடைவெளியையும் இந்தக் 'கூட்டமாக' என்ற சொல்லையும் சமாளிக்க உருவானவைதான்.

வங்கியில் கடன் பிரிவுக்குப் புதிதாக வந்தவர், இந்தத் துறையைப் படிப்பவர், சிறிய நிதி நிறுவனம் நடத்துபவர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். ஓர் இடத்தில் கொஞ்சம் புள்ளியியல் தலைகாட்டும். அங்கே விடையை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே போய்விடலாம்.

படி 1: எது 'தவறிய கடன்' என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அளவுகோல் இல்லாமல் அளக்க முடியாது. பாசல் விதிகளும் (வங்கிகளுக்கான சர்வதேச விதிகள்) பெரும்பாலான நாடுகளின் வங்கி விதிகளும் தவணை 90 நாள் தாண்டி நிலுவையில் இருந்தால் கடன் தவறியது என்கின்றன. கூடவே இன்னொரு நிபந்தனையும் உண்டு. நாள் கணக்கு எப்படி இருந்தாலும், ஈட்டை விற்காமல் இவரால் முழுதாகக் கட்ட முடியாது என்று வங்கிக்கே தோன்றினால் அதுவும் தவறியதுதான்.

இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பழைய தவணையைக் கட்டுவதற்காகவே புதுக் கடன் கொடுத்தால் 90 நாள் கணக்கு ஒருபோதும் எட்டாது. கணக்கு பச்சையாகவே இருக்கும். ஜப்பானில் 1990களில் சொத்து விலைகள் சரிந்த பிறகு வங்கிகள் இப்படித்தான் பல நிறுவனங்களைப் பிழைக்க வைத்தன. 'ஜோம்பி நிறுவனம்' என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அதற்கு அந்த நாடு பல வருட மந்தநிலையை விலையாகக் கொடுத்தது.

ஆகவே வரையறையை எழுதும்போதே, மறுசீரமைத்த கடன்களைத் தனிப் பட்டியலில் வையுங்கள். ஒருவருக்குத் தவணைக் காலத்தை நீட்டிக் கொடுப்பது தவறில்லை. பல சமயம் அதுதான் சரியான வைத்தியம். நீட்டியதைப் பதிவில் மறைப்பதுதான் தவறு.

படி 2: தனிக் கடன்தாரரைப் படியுங்கள், லாபத்தை அல்ல பணத்தை

கடன் லாபத்தால் அடைபடுவதில்லை, பணத்தால் அடைபடுகிறது. ஒரு கணக்கைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு நிறுவனம் வட்டி, வரி எல்லாம் போக 3 கோடி நிகர லாபம் காட்டுகிறது. தேய்மானம் 1 கோடி. அது கையை விட்டுப் போகாத செலவு என்பதால் திரும்பக் கூட்டினால் 4 கோடி. அதே வருடத்தில் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 2.5 கோடி ஏறியிருக்கிறது. கிடங்கில் சரக்கு 1 கோடிக்குக் கூடியிருக்கிறது. மிச்சம் 50 லட்சம். அந்த வருடம் கட்ட வேண்டிய அசல் 1.2 கோடி.

ஆக, 3 கோடி லாபம் காட்டும் நிறுவனத்தால் 1.2 கோடித் தவணையைக் கட்ட முடியவில்லை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வேகமாக வளரும் நிறுவனத்துக்கு இது சாதாரணம். ஆனால் லாபக் கணக்கை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் மாட்டிக்கொள்வார். பாக்கி ஏன் ஏறியது என்ற ஒரு கேள்வியில் பாதி ஆய்வு முடிந்துவிடும். விற்பனை கூடியதால் ஏறியதா, பழைய பாக்கி வசூலாகாமல் தேங்கியதால் ஏறியதா?

தனிநபர் கடனிலும் இதே தர்க்கம்தான். மாத வருமானத்தில் எத்தனை பங்கு ஏற்கெனவே தவணைக்குப் போகிறது என்பதே முதல் கேள்வி. ஈடு என்ன என்பது அதற்கு அப்புறம்தான். ஈட்டை நம்பிக் கொடுத்த கடன், கொடுக்கும்போதே அரை வராக்கடன் என்று பழைய கடன் அதிகாரிகள் சொல்வார்கள். அதில் மிகை உண்டு, பொய் இல்லை.

படி 3: தவறும் வாய்ப்புக்கு ஓர் எண் கொடுங்கள்

ஒரு வருடத்துக்குள் இந்தக் கடன் தவறுவதற்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்பதைத் துறையில் 'பிடி' (PD, probability of default) என்பார்கள். இதைக் கணிக்கப் பல வழிகள் இருக்கின்றன. சில்லறைக் கடன்களுக்கு ஸ்கோர் அட்டை: பழைய தவணை வரலாறு, இருக்கும் கடன், வருமானம், வேலையின் நிலைத்தன்மை ஆகியவற்றுக்கு மதிப்பெண். பெரிய நிறுவனங்களுக்கு ரேட்டிங். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்களுக்கு 1974-ல் ராபர்ட் மெர்ட்டன் காட்டிய வழியும் உண்டு. நிறுவனத்தின் சொத்து மதிப்பு கடனுக்குக் கீழே போகும் வாய்ப்பை அது பங்கு விலையின் ஏற்ற இறக்கத்திலிருந்து பிடிக்கிறது.

கையாலேயே போட்டுப் பார்க்கக்கூடியது எட்வர்ட் ஆல்ட்மன் 1968-ல் வெளியிட்ட இசட் ஸ்கோர். மொத்தச் சொத்தோடு ஒப்பிட்டு நான்கு விகிதங்கள்: நடைமுறை மூலதனம் (எடை 1.2), தேக்கிவைத்த லாபம் (1.4), வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் (3.3), விற்பனை (1.0). ஐந்தாவது, பங்குகளின் சந்தை மதிப்பை மொத்தக் கடன்பொறுப்பால் வகுத்தது (0.6). ஒரு நிறுவனத்துக்கு இந்த விகிதங்கள் முறையே 0.10, 0.15, 0.08, 1.1, 0.6 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 2.05 வரும். 1.81-க்குக் கீழே ஆபத்து, 2.99-க்கு மேலே நிம்மதி. இது இரண்டுக்கும் நடுவே, அதாவது போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டிய இடத்தில் இருக்கிறது. பங்குச் சந்தையில் இருந்த உற்பத்தி நிறுவனங்களை வைத்து உருவான சூத்திரம் இது. சேவை நிறுவனத்துக்கு அப்படியே போட்டால் எண் வரும், அர்த்தம் வராது.

எந்த மாடலையும் இரண்டு விதமாகச் சோதிக்க வேண்டும். நல்லவரையும் தவறுபவரையும் சரியான வரிசையில் பிரிக்கிறதா என்பது ஒன்று. 2 சதவீதம் என்று சொன்ன கூட்டத்தில் உண்மையிலேயே 2 சதவீதம் பேர் தவறுகிறார்களா என்பது இன்னொன்று. முதலாவதில் முதல் மதிப்பெண் வாங்கிய மாடல் இரண்டாவதில் படுத்துவிடுவது நிறைய நடக்கும்.

தரவு குறைவாக இருந்தால் என்ன செய்வது? '200 கடன் கொடுத்தோம், ஒன்றுகூடத் தவறவில்லை, எனவே ஆபத்து பூஜ்ஜியம்' என்பார்கள். ஒரு எளிய விதி இருக்கிறது: எதுவுமே தவறாதபோது 3-ஐக் கடன்களின் எண்ணிக்கையால் வகுங்கள். 3/200, அதாவது 1.5 சதவீதம். உண்மையான வாய்ப்பு அதுவரைக்கும் இருந்தாலும் இப்படி ஒரு சுத்தமான வருடம் வரலாம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். அதுவும் கடன்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்ற அனுமானத்தில்தான். அந்த அனுமானம் எவ்வளவு பெரியது என்பதை ஆறாம் படியில் பார்ப்போம்.

படி 4: தவறினால் எவ்வளவு போகும்?

இதில் இரண்டு எண்கள். தவறும் நாளில் எவ்வளவு பாக்கி இருக்கும் என்பது ஒன்று, அதில் எத்தனை பங்கு திரும்பாது என்பது மற்றொன்று.

முதலாவது சுலபமாகத் தெரியும், ஆனால் ஏமாற்றும். ஒருவருக்கு 10 கோடி ஓவர்டிராஃப்ட் வரம்பு, இன்று எடுத்திருப்பது 6 கோடி. நெருக்கடி வரும்போது யாரும் 6 கோடியோடு நிற்பதில்லை, மிச்ச வரம்பையும் உறிஞ்சிவிட்டுத்தான் விழுகிறார்கள். எடுக்காத 4 கோடியில் பாதி போகும் என்று கொண்டால் அளக்க வேண்டிய தொகை 8 கோடி.

இரண்டாவதில் எல்லோரும் காலத்தை மறக்கிறார்கள். 100 பாக்கிக்கு ஈடான சொத்து 70-க்கு விற்றது, எனவே நஷ்டம் 30 என்பது தப்புக் கணக்கு. வழக்கு, ஏலம், செலவு என்று 7 போனால் கைக்கு வருவது 63. அது வந்தது நான்கு வருடம் கழித்து. வருடத்துக்கு 12 சதவீதம் தள்ளி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 40. உண்மையான நஷ்டம் 60. மீட்புச் சட்டங்களும் நீதிமன்ற வேகமும் வங்கித் தொழிலுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதும்.

படி 5: மூன்றையும் பெருக்குங்கள்

8 கோடி, தவறும் வாய்ப்பு 2 சதவீதம், திரும்பாத பங்கு 45 சதவீதம். பெருக்கினால் 7.2 லட்சம், அதாவது 0.9 சதவீதம். இது எதிர்பார்த்த நஷ்டம். இதை ஆபத்து என்று சொல்வதைவிடச் செலவு என்று சொல்வதே சரி. வாடகை, சம்பளம் போல இதுவும் தொழிலின் செலவு, வட்டி விகிதத்தில் ஏற வேண்டியது.

கணக்கேட்டிலும் இதற்கு இடம் உண்டு. நஷ்டம் நடந்ததற்கு ஆதாரம் கிடைத்த பிறகுதான் ஒதுக்கீடு என்பது பழைய முறை. 2008 நெருக்கடியில் ஒதுக்கீடுகள் மிகத் தாமதமாக, மிகக் குறைவாக வந்தன என்ற விமர்சனம் எழுந்தது. அதன் பலன், 2018 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற சர்வதேசக் கணக்கியல் விதி. கடன் கொடுத்த உடனேயே அடுத்த 12 மாதத்துக்கான எதிர்பார்த்த நஷ்டத்தை ஒதுக்க வேண்டும். கடன்தாரரின் நிலை கணிசமாக மோசமானால், கடனின் மிச்ச ஆயுள் முழுமைக்கும் ஒதுக்க வேண்டும். 30 நாள் தாமதம் அதற்கான கடைசி எச்சரிக்கை மணி. இந்த இரண்டு கட்டங்களுக்கும் அடுத்த மூன்றாம் கட்டத்தில் இருப்பவை தவறியே போனவை.

படி 6: கடன்களைத் தனித்தனியாகப் பார்ப்பதை நிறுத்துங்கள்

இதுதான் நான் அதிக நேரம் செலவிட விரும்பும் இடம்.

ஒரே அளவில் 1,000 கடன்கள், ஒவ்வொன்றும் தவறும் வாய்ப்பு 2 சதவீதம் என்று வையுங்கள். சராசரியாக வருடத்துக்கு 20 தவறும். அவை ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை என்றால், ஆயிரத்தில் ஒரு மோசமான வருடத்தில்கூடத் தவறுவது சுமார் 35-ஐத் தாண்டாது. நாணயத்தைப் பலமுறை சுண்டுவது போல ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும்.

ஆனால் எல்லோரும் ஒரே பொருளாதாரத்தில்தான் மூச்சு விடுகிறார்கள். கடன்தாரர்களின் நிலைமைக்கு இடையே 20 சதவீதத் தொடர்பு இருக்கிறது என்று வைத்து அதே கணக்கைப் போட்டால், அந்த ஆயிரத்தில் ஒரு வருடத்தில் தவறுபவை 35 இல்லை, சுமார் 226. தனித்தனிக் கடன்களில் எதுவும் மாறவில்லை, சராசரியும் அதே 20-தான்.

இன்னும் முக்கியமானது இதன் மறுபக்கம். அதே கணக்கில், நடுவாந்தரமான ஒரு வருடத்தில் தவறுபவை எத்தனை தெரியுமா? சுமார் 11. அதாவது பாதி வருடங்களில் 11-க்கும் குறைவாகவே தவறும். சில கெட்ட வருடங்கள்தான் சராசரியை 20-க்கு இழுக்கின்றன. ஐந்து வருடப் பதிவை வைத்துக்கொண்டு 'எங்கள் நஷ்ட விகிதம் 1 சதவீதம்தான்' என்று பெருமைப்படும் கடன் பிரிவு பொய் சொல்லவில்லை. கெட்ட வருடம் இன்னும் அவர்கள் பதிவுக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

தொடர்பு எங்கே ஒளிந்திருக்கும்? ஒரு முறை ஏழு கோப்புகளை வரிசையாகப் பார்த்தேன். அட்டைப் பெட்டி செய்பவர், லாரி வைத்திருப்பவர், கேன்டீன் ஒப்பந்தக்காரர், காவல் ஆட்கள் அனுப்புபவர், உதிரிபாகம் கடைபவர், சீருடை தைப்பவர், கழிவு அள்ளுபவர். துறைக் குறியீட்டின்படி ஏழும் ஏழு துறை. அறிக்கையில் அழகாகப் பரந்திருந்தது. வங்கிக் கணக்கில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தபோது, ஏழு பேருக்கும் பெரும்பகுதி வரவு ஒரே தொழிற்சாலையிலிருந்து. ஏழு கடன் என்று நாங்கள் நினைத்தது ஒரே கடன். அன்றிலிருந்து துறைப் பட்டியலைக் காட்டிலும் வரவுப் பட்டியலைத்தான் முதலில் கேட்பேன்.

1997-ல் ஆசியாவில் இந்தத் தொடர்பு நாணயத்தில் இருந்தது. உள்நாட்டுப் பணத்தில் சம்பாதித்த நிறுவனங்கள் டாலரில் கடன் வாங்கியிருந்தன. ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட்டை டாலரோடு பிணைத்திருந்த கட்டை அவிழ்த்துவிட்டதும், வெவ்வேறு தொழில்களில் இருந்தவர்களின் கடன் சுமை ஒரே நேரத்தில் வீங்கியது. ஒவ்வொரு கோப்பிலும் அது மாற்று விகித ஆபத்து, வங்கிக்கு மொத்தமாக வந்து சேர்ந்தபோது அது கடன் ஆபத்து.

படி 7: எதிர்பாராததற்கு மூலதனம்

எதிர்பார்த்த 20-க்கு ஒதுக்கீடு இருக்கிறது. 20-க்கும் 226-க்கும் நடுவில் உள்ள 206-ஐ யார் தாங்குவது? வங்கி உரிமையாளர்களின் சொந்தப் பணம். 206 கடன்களில் 45 சதவீதம் திரும்பாது என்றால், மொத்தக் கடன் புத்தகத்தில் 9.3 சதவீதம். மூலதனம் எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் விடை.

1974-ல் ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கி விழுந்த பிறகு, அதே வருடக் கடைசியில் ஜி10 நாடுகளின் மத்திய வங்கி ஆளுநர்கள் பாசல் கமிட்டியை அமைத்தார்கள். 1988-ல் வந்த முதல் பாசல் ஒப்பந்தம் இடர் எடை போட்ட சொத்துகளுக்கு (ஒவ்வொரு கடனையும் அதன் ஆபத்துக்கு ஏற்ற ஒரு சதவீதத்தால் பெருக்கிக் கூட்டிய தொகைக்கு) 8 சதவீத மூலதனம் என்றது. நிறுவனக் கடன் எதுவானாலும் எடை 100 சதவீதம். திடமான நிறுவனத்துக்கும் தள்ளாடும் நிறுவனத்துக்கும் ஒரே மூலதனம் என்றால், வட்டி அதிகம் தரும் தள்ளாடுபவரிடம் போவதுதான் லாபம். வங்கிகளும் அப்படியே சாய்ந்தன. 2004-ன் இரண்டாம் பாசல் தகுதியுள்ள வங்கிகள் சொந்த மாடலைப் பயன்படுத்தலாம் என்றது. அதன் அடியில் இருப்பது நாம் மேலே போட்ட அதே கணக்கு: 99.9 சதவீத நம்பிக்கை, நிறுவனக் கடன்களுக்கு 12 முதல் 24 சதவீதத் தொடர்பு. அப்புறம் மாடல்கள் மூலதனத்தைச் சுருக்கும் கருவியாக மாறியதால், 2017-ல் முடிவான திருத்தம் ஒரு தரைமட்டம் வைத்தது. சொந்த மாடல் என்ன சொன்னாலும், இடர் எடை போட்ட சொத்து பொது முறையில் வருவதில் 72.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

இப்போது வட்டி விகிதம் போடலாம். வங்கி பணம் திரட்டும் செலவு 6, நிர்வாகம் 1, எதிர்பார்த்த நஷ்டம் 0.9. மூலதனத்துக்கு உரிமையாளர்கள் 15 சதவீதம் கேட்கிறார்கள் என்றால், சாதாரணப் பணத்தைவிடக் கூடுதல் 9, அதில் 9.3 சதவீதம், கிட்டத்தட்ட 0.84. மொத்தம் 8.74. பக்கத்தில் இருக்கும் போட்டி வங்கி நல்ல வருடங்களின் '11'-ஐ மட்டும் பார்த்து எதிர்பார்த்த நஷ்டத்தை 0.5 என்று போட்டால் அது 8.34-க்குக் கொடுக்கும். வாடிக்கையாளர் அங்கே போவார். நல்ல காலத்தில் சரியான விலை சொல்பவர் சந்தையை இழப்பார். இந்த அழுத்தத்தை எந்தச் சூத்திரமும் தீர்க்காது. இயக்குநர் குழு முன்கூட்டியே முடிவெடுத்திருந்தால்தான் தாங்கும்.

படி 8: வரம்பு, நிபந்தனை, ஆபத்தைக் கைமாற்றுதல்

வரம்புகள் சலிப்பூட்டுபவை, ஆனால் மாடலைவிட நம்பகமானவை. ஒன்றுக்கொன்று தொடர்புடைய கடன்தாரர்களின் ஒரு குழுவுக்கு, வங்கியின் முதல் அடுக்கு மூலதனத்தில் (முக்கியமாக உரிமையாளர்களின் சொந்தப் பணம்) 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பாசலின் பெருங்கடன் விதி. உள்வரம்பை அதற்கு வெகு கீழே வையுங்கள்.

கடன் ஒப்பந்த நிபந்தனைகள் அடுத்தது. கடன் விகிதம் இதைத் தாண்டினால் பேச்சுவார்த்தைக்கு வர வேண்டும் என்று எழுதிவைப்பது, பணம் தீரும் முன்பே மேசையில் உங்களுக்கு ஓர் இடம் வாங்கித் தரும்.

ஜாமீனையும் காப்பீட்டையும் வாங்கும்போது ஒரு கேள்வி: கடன்தாரர் விழும் அதே நாளில் ஜாமீன் கொடுத்தவரும் விழுவாரா? 2008-ல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான ஏஐஜி அடமானக் கடன் பத்திரங்களுக்கு ஏராளமான கடன் தவறல் காப்பு ஒப்பந்தங்களை விற்றிருந்தது. அமெரிக்க வீட்டு விலைகள் விழுந்தபோது காப்பு தேவைப்பட்டது, காப்பாளரே கவிழ்ந்தார். லீமன் பிரதர்ஸ் திவால் அறிவித்த செப்டம்பர் 15-க்கு மறுநாள், அமெரிக்க மத்திய வங்கி ஏஐஜிக்கு 8,500 கோடி டாலர் வரை கடன் தர ஒப்புக்கொண்டது. ஏஐஜியிடம் காப்பு வாங்கிய வங்கிகள் ஆபத்தைக் கைமாற்றியதாக நினைத்திருந்தன. உண்மையில் அதே ஆபத்தை வேறு பெயரில் திரும்ப வாங்கியிருந்தன.

படி 9: கொடுத்த பிறகு பாருங்கள்

வராக்கடன் விகிதத்தை நம்பாதீர்கள். மொத்தக் கடன் 100, வராதது 4 என்றால் 4 சதவீதம். அடுத்த வருடம் வேகமாக வளர்ந்து மொத்தம் 150, வராதது 5. விகிதம் 3.3 ஆகக் குறைந்துவிட்டது! புதுக் கடன்களுக்குத் தவற இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான். இதற்கு மருந்து, கொடுத்த காலாண்டு வாரியாகக் கடன்களைப் பிரித்து, 6-ம் மாதம், 12-ம் மாதம், 18-ம் மாதம் என்று ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை தவறின என்று பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. புதிய தொகுதி பழையதைவிட 6-ம் மாதத்திலேயே மோசமாக இருந்தால், ஒப்புதல் தரம் இறங்கிவிட்டது என்று ஒரு வருடம் முன்னாலேயே தெரியும்.

நிறுவனக் கடனில் சின்னச் சின்ன அறிகுறிகள் போதும். மாத இறுதியில் மட்டும் ஓவர்டிராஃப்ட் இறங்கி மறுநாள் ஏறுவது. தணிக்கையாளர் மாறுவது. சரக்கு இருப்பு அறிக்கை மூன்று மாதமாகக் கிட்டத்தட்ட அதே எண்ணோடு வருவது. போனை எடுத்துக்கொண்டிருந்த நிதி மேலாளர் எடுக்காமல் போவது.

படி 10: கெட்ட வருடத்தை ஒத்திகை பாருங்கள்

அழுத்தச் சோதனையில் ஒரு மாறியை மட்டும் ஆட்டுவது வீண். நெருக்கடியில் வேலை இழப்பும் வட்டியும் சொத்து விலையும் சேர்ந்தே நகர்கின்றன. மாறும் வட்டியில் 8 சதவீதம் கட்டியவர் 11 கட்ட நேர்ந்தால் வட்டிச் சுமை மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். அதே நேரத்தில் அவர் ஈடு வைத்த சொத்தின் விலை இறங்கியிருக்கும். பிடியும் திரும்பாத பங்கும் கைகோத்து ஏறும்.

எனக்குப் பிடித்தது தலைகீழ்ச் சோதனை. என்ன நடந்தால் நம் மூலதனம் தீரும் என்று விடையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவது. 'அப்படியெல்லாம் நடக்காது' என்று அறையில் யாராவது சொல்லும் இடத்தில் நிறுத்தி, ஏன் நடக்காது என்று எழுதச் சொல்லுங்கள். அமெரிக்க அடமானப் பத்திரங்களுக்கு மிக உயர்ந்த ரேட்டிங் கிடைத்தபோது, நாடு முழுக்க வீட்டு விலை ஒருசேரச் சரியாது என்ற நம்பிக்கை அந்த மாடல்களின் அடியில் இருந்தது.

படி 11: வங்கிக்கு வெளியே பார்ப்பது

ஒவ்வொரு வங்கியும் புத்திசாலித்தனமாக நடந்தாலே மொத்தமாகக் கெடுதல் வரலாம். நல்ல காலத்தில் எல்லோருடைய பிடியும் குறையும், மூலதனத் தேவை குறையும், கடன் பெருகும், சொத்து விலை ஏறும், ஈடு வலுவாகத் தெரியும், பிடி இன்னும் குறையும். கெட்ட காலத்தில் இதே சக்கரம் பின்னால் சுழலும். ஒவ்வொருவரும் தன்னைக் காத்துக்கொள்ளக் கடனை நிறுத்தினால், நன்றாக இருந்த நிறுவனமும் நடைமுறை மூலதனம் இல்லாமல் தவறும்.

இதைத் தனி வங்கியால் உடைக்க முடியாது என்பதால் மேலிருந்து உடைக்கிறார்கள். ஸ்பெயின் 2000-ல் நல்ல வருடங்களிலேயே கூடுதலாக ஒதுக்கவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அது உதவியது, ஆனால் அடுத்து வந்த வீட்டுச் சந்தைச் சரிவின் அளவுக்குப் போதவில்லை. 2010-ல் வெளியான மூன்றாம் பாசல், நாட்டின் மொத்தக் கடனை உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டு, அந்த விகிதம் தன் நீண்ட காலப் போக்கைவிட எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று பார்க்கச் சொன்னது. 2 சதவீதப் புள்ளிக்கு மேல் போனால் வங்கிகள் கூடுதல் மூலதனம் சேர்க்கத் தொடங்க வேண்டும். 10-ஐ எட்டினால் அந்தக் கூடுதல் 2.5 சதவீதம் வரை போகலாம். இது வழிகாட்டி எண்தான், இறுதி முடிவு ஒவ்வொரு நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் கையில். கடன்தாரர் பக்கமும் கடிவாளம் உண்டு: வீட்டு மதிப்பில் எத்தனை சதவீதம் வரை கடன், வருமானத்தில் எத்தனை பங்கு வரை தவணை.

சேர்த்த இந்தக் கூடுதல் மூலதனத்தை எப்போது அவிழ்ப்பது என்பதுதான் கடினமான பகுதி. சீக்கிரம் அவிழ்த்தால் வீண், தாமதித்தால் கடன் வற்றிவிடும். 2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவத் தொடங்கியபோது பேங்க் ஆஃப் இங்கிலாந்து இந்தக் கூடுதல் மூலதன விகிதத்தை 1 சதவீதத்திலிருந்து பூஜ்ஜியத்துக்கு இறக்கியது. அந்த ஒரு சதவீதம் அதற்கு முன்பே சேர்த்து வைக்கப்பட்டிருந்ததால்தான் இறக்க முடிந்தது.